முலாம் உரியும்போது

கார் வைத்திருப்போர் அதன் வெளிப்பூச்சில் காட்டும் அக்கறையை உட்பூச்சில் காட்டுவதில்லை. கதவில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் நெஞ்சம் துணுக்குறுகின்றது. ஆனால் உள்ளே, நாள்தோறும் தொட்டும் பற்றியும் சாய்ந்தும் நாம் பயன்படுத்துகின்ற பகுதிகளோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஐந்தாறு கோடைகள் கழிந்தால் நிலைமை தெரியவரும். ஸ்டீரிங்கிலுள்ள பொத்தான்கள் விரலில் பிசுபிசுவென ஒட்டுகின்றன. கதவின் உட்புறத்து ரெக்சின் கொப்புளம் கொப்புளமாக எழும்புகின்றது. வெள்ளியென மின்னிய கைப்பிடியின் முலாம் உப்பி, வெடித்து, செதில் செதிலாக உதிர்கின்றது. டாஷ்போர்டின் கறுப்புப் பூச்சு, பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரிகின்றது.

"செய்தவன் ஏமாற்றிவிட்டான்" என்பார் சிலர். "வைத்திருந்தவன் பேணவில்லை" என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் சில வேளைகளில் உண்மையாகலாம். ஆயினும், பூச்சு உரிவதற்கான காரணம் ஒன்று. உரிந்த பின் நாம் செய்கின்ற காரியம் மற்றொன்று. முன்னது பொருளின் இயல்பைச் சேர்ந்தது. பின்னது நம் ஒழுக்கத்தைச் சேர்ந்தது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வது நலம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மொழிகள் இதனை எவ்வளவு நுட்பமாகக் கண்டுணர்ந்துள்ளன என்பது வியப்புக்குரியது. 'முலாம்' என்று நாம் தமிழில் வழங்குவது அரபியின் 'முலம்மஃ' என்னும் சொல்லே. மின்னுதல், ஒளிர்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து தங்கிவிட்டது. பொன் நீரோ வெள்ளி நீரோ பூசுவதற்கு அரபியில் 'தம்வீஹ்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. அதன் வேர் நீரைக் குறிப்பது. செம்பின் மீது பொன் நீர் பூசுவதைக் குறித்த அச்சொல், நாளடைவில் பொய்யை மெய்போல் அலங்கரித்துக் காட்டுவதற்கும் பெயராயிற்று. வண்ணப்பூச்சுக்கு 'திஹான்' என்பர். அது எண்ணெயைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்த 'முதாஹனா' என்பதோ, உள்ளொன்று வைத்து வழவழவென்று முகத்துதி பேசுவதைக் குறிக்கின்றது. தமிழ் மட்டும் இளைத்ததா? உண்மையை மறைத்துப் பேசுகின்றவரை நோக்கி, "பூசி மெழுகாதே" என்கின்றோம். 'மேல்பூச்சான பேச்சு' என்கின்றோம். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள், பூச்சையும் பொய்யையும் ஒரே திண்ணையில் அமர்த்தியிருக்கின்றன.

அப்படியானால் பூச்சு என்பதே பொய்தானா? இல்லை. நம் பாட்டிமார் காலத்துப் பித்தளைப் பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு உட்புறம் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். உண்பார் உடலுக்குக் கேடு வரும். கலாய் பூசுகின்றவர் தெருவுக்கு வருவார். பாத்திரத்தை மணலும் புளியும் கொண்டு தேய்த்து, பழைய அழுக்கு அற்றுப்போகும் வரை துலக்குவார். பிறகு நெருப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை இழைத்து, துணியால் ஒரே சீராகத் தேய்ப்பார். அந்தப் பூச்சு எவரையும் ஏமாற்றவில்லை. பித்தளை பித்தளைதான் என்பது எல்லாருக்கும் தெரியும். பூச்சு பாத்திரத்தைக் காத்தது. பாத்திரம் குடும்பத்தைக் காத்தது. பூச்சுக்கு உரிய நேர்மை இதுவே. அந்தக் கைவினைஞர் பழைய அழுக்கின் மேல் ஒருபோதும் ஈயம் பூசமாட்டார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி, காரின் உட்புறத்துக்கு வருவோம். அங்கே நாம் காண்பவற்றுள் பெரும்பகுதி பிளாஸ்டிக்கே. வெறும் பிளாஸ்டிக் கண்ணைக் கூசச் செய்யும். தொட்டால் கடினமாகவும் மலிவாகவும் தோன்றும். ஆகவே அதன் மீது மென்மையான, மினுக்கமற்ற, தொட்டால் தோல்போன்ற உணர்வு தருகின்ற ஒரு பூச்சைத் தெளிக்கின்றனர். அது பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. இப்பொருளை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்னும் வேதியியலார் தம் குழுவினருடன் கண்டறிந்தார். மெத்தையின் நுரை முதல் செருப்பின் அடிப்பகுதி வரை இன்று அது இல்லாத இடமில்லை. காரின் உள்ளே பூசப்படும்போது அதன் கனம் ஒரு தலைமயிரின் பருமனில் பாதி அளவே இருக்கும். அத்துணை மெல்லிய ஏட்டிடம், பத்துப் பதினைந்து ஆண்டுகள் வெயிலையும் வியர்வையையும் தாங்கு என்று நாம் கேட்கின்றோம்.

பாலியூரித்தேனின் சில வகைகளுக்கு நீரே பகை. காற்றிலுள்ள ஈரம் அதனுள் மெல்லப் புகுந்து, நீண்ட சங்கிலிபோல் பிணைந்திருக்கும் அதன் மூலக்கூறுகளைக் கண்ணி கண்ணியாக அறுக்கின்றது. வெப்பம் மிகுந்தால் இவ்வேலை விரைவுபடும். சங்கிலி அறுந்த பூச்சு தன் உறுதியை இழந்து, மீண்டும் பசையாகின்றது. ஸ்டீரிங்கின் பொத்தான்கள் பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம், அழுக்கு அன்று. அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பேணுவோர், தங்களுக்குப் பெருந்தொல்லை தருகின்ற பிளாஸ்டிக் வகைகளுள் ஒன்றாகப் பாலியூரித்தேனைக் கருதுவதும் இதனால்தான். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கப்படுவதே தப்பவில்லையெனில், மொட்டை வெயிலில் நிற்கின்ற கார் என்ன செய்யும்!

கைப்பிடியின் வெள்ளிநிற முலாமின் கதை வேறு. பிளாஸ்டிக்கின் மீது உலோகம் எளிதில் ஒட்டாது. ஆகவே ஏ.பி.எஸ். என்னும் வகைப் பிளாஸ்டிக்கை அமிலத்தில் அமிழ்த்துகின்றனர். அதிலுள்ள ரப்பர்த் துகள்களை அமிலம் அரித்து, கண்ணுக்குப் புலப்படாத குழிகளை உண்டாக்குகின்றது. அக்குழிகளில் வேரூன்றும்படி முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம் என அடுக்கடுக்காக ஏற்றுகின்றனர். நாம் காணும் குரோமியத்தின் கனம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெப்பம் ஏறும்போது பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பன்மடங்கு விரிகின்றது. குளிரும்போது அவ்வாறே சுருங்குகின்றது. கணவன் ஒரு திசையிலும் மனைவி ஒரு திசையிலும் நாள்தோறும் இழுத்தால் குடும்பம் என்னவாகும்? குழிகளில் ஊன்றிய பிடி சிறிது சிறிதாகத் தளர்கின்றது. தளர்ந்த இடத்தில் முலாம் குமிழாக எழும்பி, பிறகு வெடிக்கின்றது. அப்படி வெடித்த முலாமின் விளிம்பு சவரக் கத்திபோல் கூர்மையானது. குழந்தைகளின் விரலைக் கிழித்துவிடும்.

கதவின் உட்பலகையில் எழும்புகின்ற கொப்புளம் மூன்றாவது வகை. அங்கே ரெக்சினுக்குப் பின்னால் மெல்லிய நுரைப்படலமும், அதற்கும் பின்னால் பசையும் இருக்கின்றன. வெப்பத்தால் பசை இளகுகின்றது. நுரை காலப்போக்கில் பொடியாகின்றது. பிடிமானம் இழந்த ரெக்சின், உள்ளே சூடேறிய காற்றினால் உப்பி எழுகின்றது. கூரையின் துணி தொங்கித் தலையில் உரசுவதும் இதே காரணத்தால்தான்.

வெப்பம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அதன் அளவையும் அறிய வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டெம்பி நகரில், 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட கோடை நாள்களில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. ஒரு மணி நேரத்தில் காரின் உட்காற்று சராசரியாக 47 டிகிரியையும், ஸ்டீரிங் 53 டிகிரியையும், டாஷ்போர்டு 69 டிகிரியையும் எட்டினவாம். நம் நாட்டுச் சித்திரை வெயிலும் இதற்கு இளைத்ததன்று. போதாக்குறைக்கு, தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையிலுள்ள எம் ஊர் போன்ற இடங்களில் காற்றே ஈரமும் உப்பும் கலந்தது. வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வெப்பமும் ஈரமும் கைகோத்து வரும் இடத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிலைப்பதில்லை. அமெரிக்காவிலும் புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், டாஷ்போர்டுகள் உருகிப் பளபளத்து, வெயிலை முன் கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் கண்ணை மறைப்பதாகப் பலரும் முறையிட்டனர். 2014இல் டொயோட்டா நிறுவனம் அந்நாட்டில் தன் சில மாடல்களுக்குச் சிறப்பு உத்தரவாதம் அறிவித்து, அத்தகைய டாஷ்போர்டுகளை மாற்றிக்கொடுக்க முன்வந்தது. பெரிய நிறுவனங்களின் வேலையும் வெயிலுக்கு முன் தோற்பது உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனி, நம் கையின் பங்கு. வியர்வை, தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய், முகத்துக்குப் பூசும் களிம்பு, கைக்குத் தடவும் கிருமிநாசினி ஆகியவை அனைத்தும் விரல் வழியே பூச்சில் ஏறி அதனை இளகச் செய்கின்றன. ஸ்டீரிங்கிலும் கதவின் கைப்பிடியிலும் பூச்சு முதலில் அழிவதற்கு இதுவே காரணம். ஆக, உரிதல் என்பது பெரும்பாலும் காலம், வெயில், ஈரம், கை ஆகிய நான்கும் சேர்ந்து செய்கின்ற காரியம். அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. முதுமையில் தோல் சுருங்குவதற்காக யாரேனும் வெட்கப்படுவரா?

வெட்கப்பட வேண்டிய இடம் எது என்பது எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றால் எனக்குத் தெளிவாயிற்று.

என் தங்கையின் கணவர், எம் மச்சான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய காரை வாங்கினார். வாங்கும்போது அதன் உட்புறம் கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது. ஒரு கோடை கழிந்ததும் அந்த மின்னல் உரியத் தொடங்கிற்று. உள்ளே ஏற்கெனவே அழுகியிருந்த பூச்சின் மேல், விற்றவர் மெல்லிய ஸ்பிரே பெயிண்டை அடித்துத் தந்திருக்கின்றார் என்பது பிறகுதான் தெரிந்தது. மச்சான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சென்ற ஆண்டு அவர் இறையடி சேர்ந்தார். இத்தா முடிந்து, வாரிசுகள் மூவரும் சம்மதித்து, காரைத் தங்கையின் பெயருக்கு மாற்றினோம். மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக அதனை விற்பது என்று முடிவாயிற்று.

தரகர் வந்து பார்த்தார். இப்படியே விற்றால் 1,85,000 ரூபாய்; தாம் சொல்கின்றபடி செய்தால் 2,10,000 கிடைக்கும் என்றார். அவர் சொன்ன வழி இது: பிசுபிசுப்பின் மேல் கறுப்பு ஸ்பிரே, அதன் மேல் சிலிக்கோன் பாலிஷ், கொப்புளமான கதவுகளுக்கு ரெக்சின் உறை, வெடித்த டாஷ்போர்டுக்கு மேலே தோல்போன்ற விரிப்பை ஒட்டிவிடுதல். "ஒரு கோடை வரைக்கும் யாருக்கும் தெரியாது" என்று அவர் உறுதியும் கூறினார்.

தங்கை என்னிடம் கேட்டாள்: "காக்கா, இது கூடுமா கூடாதா, சொல்லுங்க. எங்களுக்கு வித்தவர் எங்ககிட்டச் சொன்னாரா? பத்து வருஷத்து வண்டி எல்லாம் இப்படித்தானே இருக்கு? இருபத்தஞ்சாயிரம் எனக்குச் சின்னத் தொகையில்லை."

இது வீண் கேள்வியன்று. கைம்பெண் ஒருத்தியின் கையில் இருபத்தைந்தாயிரம் என்பது ஒரு பருவக் கட்டணம். ஆகவே மேம்போக்காக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் ஓதிக்கொடுக்கின்ற பாடத்தை, என் வீட்டு முற்றத்தில் நிற்கின்ற காருக்குப் பொருத்திப் பார்த்தேன்.

ஷாஃபிஈ சட்ட நூல்களுள் புகழ்பெற்ற 'மின்ஹாஜ்' என்னும் நூலில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், விற்பனைப் பொருளின் குறை எது என்பதற்கு இலக்கணம் வகுத்துள்ளார்கள். பொருளையோ அதன் விலையையோ குறைத்து, வாங்குவோரின் நியாயமான நோக்கத்தைக் கெடுப்பது குறை; ஆனால் அவ்வினத்துப் பொருள்களில் பெரும்பாலும் அது இல்லாதிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தங்கையின் வாதத்துக்கு இங்கே ஓரளவு இடமுண்டு. பத்தாண்டு ஓடிய கார்களில் பொத்தான் தேய்ந்திருப்பதும் சிறிது உரிந்திருப்பதும் பெரும்பாலும் காணக்கூடியவையே. அவற்றைக் கண்ணால் பார்த்து வாங்குகின்றவர் பிறகு முறையிட முடியாது.

ஆனால் மறைத்தல் என்பது தனி அத்தியாயம். அதற்குத் 'தத்லீஸ்' என்று பெயர். இருளைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது அச்சொல். விற்கப் போகும் தண்ணீர் ஆலையின் நீரை முன்கூட்டியே தேக்கி வைத்து, வாங்குபவர் வந்து பார்க்கும்போது திறந்துவிட்டு, 'எவ்வளவு வேகம் பாருங்கள்' என்று காட்டுவதை அந்நூல் எடுத்துக்காட்டுகின்றது. அப்படிச் செய்தால், வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக்கொடுக்கும் உரிமை உண்டாகின்றது. தேக்கிவிட்ட நீருக்கும் நேற்று அடித்த ஸ்பிரேக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒரு நாள் ஓட்டமே.

"உள்ளது உள்ளபடி பார்த்து வாங்கிக்கொண்டேன்" என்று தரகர்கள் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதி வாங்குகின்றார்களே, அது நம்மைக் காக்குமா? எக்குறைக்கும் தாம் பொறுப்பில்லை என்று விற்பவர் நிபந்தனையிடுவதைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. கால்நடை போன்ற உயிருள்ளவற்றில், விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டுமே அந்நிபந்தனை செல்லும். ஏனையவற்றுக்குச் செல்லாது என்பது அதன் வலுவான தீர்ப்பு. கார் உயிருள்ளதுமன்று, குறை நாம் அறியாததுமன்று. இன்னொன்று. குறையை அறிந்தவர் விற்பவராக இல்லாவிடினும், வாங்குபவருக்கு அதனைச் சொல்வது அவர் மீதும் கடமை என்று நம் சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கின்றார்கள். அப்படியானால் தங்கை மட்டுமல்லள், தரகரும் சொல்ல வேண்டியவரே; நானும் சொல்ல வேண்டியவனே.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் கண்ட நிகழ்ச்சி வாசகர்கள் அனைவரும் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததற்காக அவரை நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மழை எவர் கையிலும் இல்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவர்கள் கேட்டது. பூச்சைக் கெடுத்த ஈரத்துக்கும் தானியத்தை நனைத்த ஈரத்துக்கும் நியாயம் ஒன்றுதான்.

மார்க்கச் சட்டத்துக்கு அப்பால், உயிர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் இதில் இருந்தது. அந்தக் காரில் முன் இருக்கைக்காரருக்கான காற்றுப்பை டாஷ்போர்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மோதல் நேர்ந்தால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் அதன் மூடியைப் பிளந்துகொண்டு வெளியே விரிய வேண்டும். அவ்விடத்தின் மேல் தோல் விரிப்பை இழுத்து ஒட்டினால், பை விரிவதற்கு அது தடையாகக்கூடும். தரகரின் விரிப்பு மறைக்கப் போவது ஒரு வெடிப்பை மட்டுமன்று. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் பாதுகாப்பையும்கூட. இதைக் கேட்ட பின் தங்கை மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. "அப்படின்னா சொல்லியே விப்போம்" என்றாள்.

ஆனால் பழுது பார்ப்பது வேறு, மறைப்பது வேறு. பழுது பார்ப்பது 'இஸ்லாஹ்', அதற்குத் தடையில்லை. தங்கை மகன், தெரிந்த ஒரு பெயிண்டரிடம் கேட்டு வந்தான். பிசுபிசுத்த பூச்சின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. அடிப்பரப்பு உறுதியாக இருந்தால்தான் மேல்பூச்சு நிற்கும். ஆகவே பழையதை முற்றிலும் எடுத்துவிடுங்கள் என்றார் அவர். கலாய் பூசுகின்றவரின் அதே பாடம்! மகன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை வாங்கி வந்தான். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சிறிது தடவி, அடியிலுள்ள பிளாஸ்டிக் கெடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டான். பிறகு கதவுகளையெல்லாம் திறந்துவைத்து, நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து, மூன்று மாலைகளில் அந்தப் பசையை முழுவதும் எடுத்துவிட்டான். அடியில் வெறும் பிளாஸ்டிக், பழுதில்லாமல் இருந்தது. மென்மையில்லை, மினுக்கமில்லை, ஆனால் கையில் ஒட்டவுமில்லை. முலாம் வெடித்த கைப்பிடிக்குப் பதில் புதிய கைப்பிடி ஒன்றை வாங்கி மாட்டினோம். கதவுகளின் கொப்புளங்களும் டாஷ்போர்டின் வெடிப்பும் அப்படியே இருந்தன.

வாங்க வந்தவர் பக்கத்து ஊர் மளிகைக் கடைக்காரர்; முதன்முதலாகக் கார் வாங்குகின்றவர். மருமகன் அவரை உள்ளே அமர்த்தி, ஒவ்வொன்றாகக் காட்டினான்: "இங்கே பூச்சு இருந்தது, எடுத்துவிட்டோம். இந்தக் கதவின் உள்ளே நுரை பொடிந்துவிட்டது. இந்த வெடிப்பின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். கீழே காற்றுப்பை இருக்கின்றது." அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். கேட்ட பிறகு, நாங்கள் சொன்ன குறைகளையே எண்ணி எண்ணி விலையைக் குறைத்தார். முடிவில் 1,88,000 ரூபாய்க்கு விற்பனை முடிந்தது. உண்மை சொன்னதற்காக எவரும் மேலே ஒரு ரூபாய் வைத்துத் தரவில்லை. தங்கைக்கு நான்கைந்து நாள்கள் மனத்தாங்கல் இருந்தது. எஞ்சிய கட்டணத்தை இரு தவணையாகச் செலுத்தக் கல்லூரியில் இசைந்தார்கள். இவ்வளவுதான் நடந்தது. நேர்மைக்கு உடனே இலாபம் கிட்டும் என்று வாசகர்களுக்குச் சொல்ல நான் விரும்பவில்லை. நேர்மைக்கு விலை உண்டு. இம்முறை அதன் விலை 22,000 ரூபாய். ஆனால், எங்கள் மச்சானுக்கு நேர்ந்தது அந்த மளிகைக் கடைக்காரருக்கு நேரவில்லை. கைமாறிக் கைமாறி வந்த ஒரு மறைப்பு, எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது.

கார் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கு, இது குறித்துச் சில சொற்கள். இயன்றவரை நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லையெனில் முன் கண்ணாடிக்கு உட்புறம் மறைப்புத் தட்டியையாவது வையுங்கள். உட்புறத்தை, இலேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். தின்னர், பெட்ரோல் ஆகியவற்றைக் கிட்டே கொண்டுவர வேண்டாம். ஆல்கஹால் கெட்ட பூச்சை எடுக்க உதவுமேயன்றி, நல்ல பூச்சைத் துடைக்க உதவாது. பளபளப்புக்காகத் தடவும் எண்ணெய்ப் பசைகள் தூசியைப் பிடித்துவைக்கும். ஸ்டீரிங்கில் தடவினால் கையும் வழுக்கும். கிருமிநாசினியோ கொசு விரட்டும் களிம்போ தடவிய கை உலரும் முன் எதையும் தொடாதீர்கள். கொசுக் களிம்புகள் சில, பிளாஸ்டிக்கையே கரைக்க வல்லவை. எழும்பிய கொப்புளத்தை நகத்தால் கிள்ளிப் பெரிதாக்க வேண்டாம். முலாம் வெடித்த கைப்பிடியைக் குழந்தைகள் தொடும் இடத்தில் விட்டுவைக்க வேண்டாம்.

பழைய கார் வாங்குவோருக்கும் ஒன்று சொல்வேன். உள்ளே அளவுக்கு மீறிப் பளபளக்கும் காரைக் கண்டால், கொஞ்சம் நிதானியுங்கள். உறையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டீரிங்கின் அடிப்புறத்தையும் கதவின் ஓரத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். புதிய பெயிண்டின் மணம் வீசினால், அதற்கான காரணத்தை விற்பவரிடம் நேரே கேளுங்கள். கேட்பது அவமதிப்பன்று, வாங்குபவரின் உரிமை.

விற்போருக்கோ, கேட்கும் வரை காத்திருப்பதும் அழகன்று. பொருள் தேயும், பூச்சு உரியும், அது படைப்பின் இயல்பு. தேய்ந்ததைத் தேய்ந்தது என்று சொல்லி விற்றால், வாங்குபவர் குறைந்த விலை தருவார். அந்தக் குறைந்த விலையே அப்பொருளின் சரியான விலை. அதற்கு மேல் மறைப்பினால் பெறுகின்ற தொகை, பொருளுக்காகக் கிடைத்ததன்று. பிறருடைய அறியாமைக்காகக் கிடைத்தது. அத்தகைய பணம் நம் பிள்ளைகளின் கல்விக்கோ உணவுக்கோ வந்து சேராதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!